புரவலரின் பணமும் பிள்ளையின் தட்டும்

கேள்வி

பள்ளிக்குப் பசியோடு வரும் பிள்ளைக்குச் சோறு போடுவதும், வழியில்லாத வீட்டுப் பிள்ளையைப் படிக்கவைப்பதும் நல்ல காரியம் என்பதில் தமிழரிடையே இரண்டு கருத்து இருந்ததில்லை. அந்தச் சோறு யார் பணத்தில் வரவேண்டும், யார் சமைக்க வேண்டும், எந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும், ஒரு நாள் வராமற்போனால் யாரைக் கேட்பது என்று தொடங்கும்போதுதான் கருத்துகள் பிரிகின்றன.

இதுவரை நடந்த விவாதம் பெரும்பாலும் இரண்டு அணிகளாக நின்றுவிட்டது. அரசுச் சமையலில் அக்கறை இருக்காது, கொடையாளர் நடத்தும் அடுக்களையில்தான் சுத்தமும் அன்பும் இருக்கும் என்கிறது ஓர் அணி. தருமச் சோறு பிள்ளையைத் தலைகுனிய வைக்கும், உணவு உரிமையாக வந்தால்தான் மானம் மிஞ்சும் என்கிறது மற்றது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே தருபவரின் மனத்தைத்தான் அளக்கின்றன. ஏற்பாட்டை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் முயற்சி. பிள்ளையைத் தேர்ந்தெடுப்பவர் யார், உணவு தவறினால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்ற இரண்டு கேள்விகளை ஒவ்வொரு ஏற்பாட்டிடமும் கேட்டால், நூறாண்டுத் தமிழக அனுபவமும் உலக அளவிலான புரவலர் திட்டங்களின் வரலாறும் தெளிவான சில விடைகளைத் தருகின்றன.

நிவந்தம் முதல் ஓரணா வரை

மாணவருக்கு உணவளிக்க நிலையான வருவாய் ஒதுக்கும் பழக்கம் இங்கே பழையது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, அவ்வூர் வேதக் கல்லூரியின் 340 மாணவர்களுக்கு நாள்தோறும் நெல் அளந்து கொடுக்க ஏற்பாடு செய்கிறது. அதற்காக 45 வேலி நிலம் நிவந்தமாக ஒதுக்கப்பட்டது. தஞ்சை மராட்டியர் கட்டிய சத்திரங்களிலும், குறிப்பாக இரண்டாம் சரபோஜி 1802இல் ஒரத்தநாட்டில் அமைத்த முக்தாம்பாள் சத்திரத்தில், சோறும் பள்ளியும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

எண்ணாயிரத்து ஏற்பாட்டில் ஒரு சிறப்பும் ஒரு பெருங்குறையும் அருகருகே உள்ளன. உணவுக்கான பணம் ஒருவரின் அன்றாட மனநிலையை நம்பி இருக்கவில்லை. நிலம் விளையும்வரை நெல் வரும், கல்வெட்டில் பொறித்ததை எளிதில் மாற்றிவிடவும் முடியாது. நிலைத்தன்மையைப் பொறுத்தவரை இன்றைய பல தொண்டு நிறுவனங்கள் எட்டாத உயரம் அது. ஆனால் அந்த நெல் யாருக்கு என்பது பிறப்பாலேயே முடிவாகியிருந்தது. உழுதவரின் பிள்ளைக்கு அந்தப் பந்தியில் இடமில்லை.

வடலூரில் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் இராமலிங்க அடிகள் தொடங்கிய சத்திய தருமச்சாலை இந்த இரண்டாவது முடிச்சை அவிழ்த்தது. பசி ஒன்றே அங்கே தகுதி. பள்ளியோடு தொடர்பில்லாத ஏற்பாடு என்றாலும், சாதி பார்க்காமல் சோறிடுவதைத் தமிழ்நாட்டின் பொது மனத்தில் நிறுத்திய நிகழ்வு அது.

பொதுப் பணத்திலிருந்து பள்ளி உணவு வந்தது இன்னும் அரை நூற்றாண்டு கழித்து. சென்னை மாநகராட்சி மன்றம் 1920 செப்டம்பரில், பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம்விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பள்ளியில் மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. அந்த ஐந்து பள்ளிகளில் 1922–23இல் 811 பேர் இருந்த சேர்க்கை 1924–25இல் 1,671 ஆக உயர்ந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கில அரசு தடுத்ததால், 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. இரண்டாண்டுகளுக்குப் பிறகே குறைந்த அளவில் மீண்டது. பிள்ளைகள் வந்ததற்கான எண்கள் கையில் இருந்தும், எந்தத் தலைப்பில் செலவெழுதுவது என்ற கணக்குச் சிக்கலால் சோறு நிறுத்தப்பட்டது. பொதுப் பணத்தின் முதல் பலவீனம் இங்கேயே வெளிப்பட்டுவிட்டது: சட்டப் பாதுகாப்பு இல்லாத அரசு உணவும் ஒரு கையெழுத்தில் நிற்கக்கூடியதுதான்.

சேரன்மாதேவி

மாநகராட்சிச் சிற்றுண்டி நின்ற அதே 1925இல், தெற்கே வேறொரு பந்தி தமிழக அரசியலையே புரட்டிக்கொண்டிருந்தது. நம் கேள்விக்கு அது மிக நெருக்கமானது என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலம் கொடையால் நடந்த தேசியக் கல்வி நிலையம். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி அதற்கு 10,000 ரூபாய் ஒதுக்கி, 5,000 ரூபாயைக் கொடுத்தும்விட்டது. தனியாரிடமும் நிதி திரட்டப்பட்டது. அங்கே பார்ப்பன மாணவருக்கும் மற்றவர்க்கும் தனித்தனியே உணவு பரிமாறப்பட்ட செய்தி வெளியே வந்தது. காங்கிரஸின் பொறுப்பில் இருந்த பெரியார் எஞ்சிய 5,000 ரூபாயைத் தர மறுத்தார். வரதராஜுலு நாயுடு தம் இதழிலும் மேடைகளிலும் இதைப் பொதுக் கேள்வியாக்கினார். காந்தியிடமும் வழக்குப் போனது. பெற்றோர் வற்புறுத்திச் சேர்த்திருந்த ஓரிரு பிள்ளைகள் மட்டும் தனியே உண்ண விலக்களித்து, இனி அப்படி யாரையும் சேர்க்க வேண்டாம் என்ற சமரசத்தை அவர் முன்வைத்தார். தீர்வு கிட்டவில்லை. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஜூனிலேயே பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் அவரும் மறைந்தார். காங்கிரஸில் பெரியாருக்கு ஏற்பட்ட கசப்பில் இந்நிகழ்வுக்குப் பெரும்பங்கு உண்டு.

இந்நிகழ்வைச் சாதி வரலாற்றின் ஒரு பக்கமாக மட்டும் படிப்பது வழக்கம். பள்ளி உணவின் நிதி ஏற்பாட்டைப் பற்றியும் அது ஒன்றைச் சொல்கிறது. நிலையத்தின் பணத்தில் ஒரு பகுதி பொது அமைப்பொன்றிலிருந்து வந்ததால்தான், அந்தப் பந்தியைப் பற்றிக் கேள்வி கேட்க வெளியாருக்கு உரிமை பிறந்தது. முழுக்கத் தனிச்செல்வரின் பணமாக இருந்திருந்தால், அது அவர்கள் வீட்டு விவகாரம் என்று சொல்லி வாயை அடைத்திருக்கலாம். ஐயரின் நேர்மையையோ நாட்டுப்பற்றையோ ஐயுற இடமில்லை. நல்ல மனிதர் நடத்திய நல்ல நோக்கமுள்ள நிலையத்திலும், பணம் தந்தவரின், பிள்ளையைச் சேர்த்த செல்வாக்குள்ளவரின் விருப்பம் சோற்றுக்குள் நுழைந்துவிடும் என்பதே இதிலிருந்து தெரிவது.

1956: பள்ளிக்கு எட்டுப் பேர்

காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தைப் பற்றிய நினைவுகள் இன்று பெரும்பாலும் நன்றியாலும் கதைகளாலும் நிறைந்தவை. அதன் நிதி அமைப்பு குறைவாகவே பேசப்படுகிறது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அதை ஊர்மக்கள் தாங்கும் இயக்கமாக வளர்த்தார். ஓர் உணவுக்கு 10 காசு என்று கணக்கிட்டு, 6 காசை அரசு தந்தது. எஞ்சியது ஊர்ப் பங்கு. நெல்லாகவும் விறகாகவும் காய்கறியாகவும் அது வந்தது. 1956–57ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம், ஆண்டில் 200 நாள், 8,000 தொடக்கப் பள்ளிகளில் 65,000 மாணவருக்கு உணவளிக்க வழிசெய்தது.

அந்த எண்களை வகுத்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்கு எட்டுப் பேர். இதன் பொருள், ஆசிரியர் ஒருவர் வகுப்பைப் பார்த்து, மிக ஏழையான எட்டுப் பேரை எழுப்பி நிறுத்த வேண்டியிருந்தது என்பதே. ஒன்பதாவது பிள்ளைக்கும் பசிக்கும், எட்டாவது பிள்ளைக்குத் தன் வறுமை ஊரறிய எழுதப்பட்டது தெரியும். பணம் குறைவாக இருந்த காலத்தில் வேறு வழி இருந்திருக்காது. அந்த 65,000 பிள்ளைகளுக்கும் அது வாழ்வைத் திறந்த கதவுதான். ஆயினும் தேர்வு என்ற சுமையை ஆசிரியர் தலையில் வைத்த ஏற்பாடு அது.

ஊர்ப் பங்கில் இன்னொரு சிக்கல் உண்டு. வசதியான ஊரில் கொடையாளர் கிடைப்பர். பசி மிகுந்த ஊரில் கொடுப்பவரே இருக்கமாட்டார். மழை பொய்த்தால் கூலிக்காரர் வீட்டு அடுப்போடு சேர்ந்து மிராசுதாரர் களஞ்சியமும் வற்றும். தேவை உச்சத்துக்குப் போகும் அதே வாரத்தில் கொடை அடிமட்டத்துக்கு இறங்கும். அரசுக் கருவூலம் பல மாவட்டங்களுக்கும் பல ஆண்டுகளுக்கும் இந்த ஆபத்தைப் பரப்பிவிடுகிறது. வறட்சியால் பாதிக்கப்பட்ட ஆந்திரக் குழந்தைகளை ஆராய்ந்த சிங், பார்க், டெர்கான் ஆகியோரின் 2014ஆம் ஆண்டு ஆய்வு, வறட்சியால் உடல் வளர்ச்சியில் ஏற்பட்ட இழப்பைப் பள்ளி மதிய உணவு ஈடுகட்டியதைக் காட்டியது. உள்ளூர்க் கொடையால் செய்ய முடியாத வேலை அது.

1961 முதல் கேர் (CARE) என்ற அமெரிக்க உதவி நிறுவனம் அமெரிக்கப் பால்பவுடரும் சோள மாவும் எண்ணெயும் தந்து திட்டத்தை விரித்தது. புரவலர் இடம் உள்ளூர் மிராசுதாரரிடமிருந்து கடல்கடந்த நாட்டுக்கு மாறியது.

1982: இரண்டு பதில்கள்

‘நியூ இன்டர்நேஷனலிஸ்ட்’ என்ற ஆங்கில இதழ் 1982ஆம் ஆண்டு மே மாதச் சிறப்பிதழில், தயவுசெய்து இந்தக் குழந்தைக்குப் புரவலராகாதீர்கள் என்ற பொருளில் தலைப்பிட்டு, ஒரு புரவலர் ஒரு குழந்தையை ஏற்கும் முறையைக் கடுமையாக விமர்சித்தது. இரண்டு மாதத்திற்குள், ஜூலை முதல் நாள், திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஒன்றையொன்று அறியாத இந்த இரு நிகழ்வுகளும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லின.

ஒரு குழந்தைக்கு ஒரு புரவலர் என்ற முறை முதல் உலகப் போருக்குப் பிந்தைய நிவாரணப் பணிகளில் முளைத்தது. ஸ்பானிய உள்நாட்டுப் போரின் அநாதைக் குழந்தைகளுக்காக 1937இல் வளர்ந்து, கொரியப் போருக்குப் பின் அமெரிக்கக் கிறித்தவ அமைப்புகளால் உலகெங்கும் பரவியது. மாதந்தோறும் பணம், பதிலுக்குப் புகைப்படமும் கடிதமும். அதன் மீதான குற்றச்சாட்டுகள் கனமானவை. ஒரே தெருவில் ஒருவனைத் தேர்ந்து மற்றவனை விடுகிறது. குடும்பத்தைத் தாண்டி அயல்நாட்டுக்காரருக்கு நன்றிக் கடிதம் எழுதப் பிள்ளையைப் பழக்குகிறது. கடிதம், படம், மொழிபெயர்ப்பு என்று நிர்வாகச் செலவை ஏற்றுகிறது. 1998இல் ‘சிகாகோ ட்ரிப்யூன்’ நாளிதழின் தொடர், இறந்துபோன ஒரு குழந்தையின் பெயரில் பணம் தொடர்ந்து வாங்கப்பட்டதையும் வெளிக்கொணர்ந்தது.

எதிர்த்தரப்புச் சான்றையும் நேர்மையாக வைக்க வேண்டும். புரூஸ் வைடிக், பால் கிளூவ், லெய்ன் ரட்லெட்ஜ் மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் 10,144 பேரின் வாழ்க்கையை ஒப்பிட்டது. கம்பேஷன் இன்டர்நேஷனல் அமைப்பின் உதவி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடச் சராசரியாக 1.03 முதல் 1.46 ஆண்டு கூடுதலாகப் படித்திருந்தனர். வளர்ந்தபின் அலுவலக வேலைகளில் சேரும் வாய்ப்பும் அவர்களுக்கு அதிகமாக இருந்தது. பணத்தோடு, தன்னை யாரோ பொருட்படுத்துகிறார் என்ற நம்பிக்கையும் இதில் வேலை செய்கிறது என்று இந்த ஆய்வாளர்களில் சிலர் பின்னர் இந்தோனேசியக் குழந்தைகளின் ஓவியங்களைக் கொண்டு வாதிட்டனர். புரவலர் முறையால் பயனில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பயன் உண்டு, பதில் சொல்பவர்தான் இல்லை. 2017இல் வெளிநாட்டு நிதி விதிகளின்படி அனுமதி கிடைக்காமல் அதே அமைப்பு இந்தியாவை விட்டு வெளியேறியது. ஏறத்தாழ 1.45 லட்சம் குழந்தைகளின் உதவி நின்றது. அதன் முதன்மைப் பங்காளிகளில் ஒன்று சென்னையில்தான் இருந்தது. அரசின் முடிவு சரியா தவறா என்பது தனி விவாதம். அந்தப் பிள்ளைகள் யாரிடமும் போய், எங்களுக்கு வரவேண்டியது வரவில்லை என்று கேட்க முடியவில்லை. கேட்க அவர்களுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

பாப்பாக்குறிச்சியில் தொடங்கியதோ வேறு வகை. வந்து உட்காரும் பிள்ளைக்குச் சோறு. வருமானச் சான்று கேட்கவில்லை, எட்டுப் பேரை எழுப்பவில்லை. கிராமப்புறத்தில் தொடங்கி, செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984இல் 15 வயது வரையிலும் நீண்டது. பயன்பெற்றவர் 60 லட்சத்தைத் தாண்டினர். வெற்று வாக்குவேட்டை என்று அன்று பொருளியல் அறிஞர் பலர் ஒதுக்கிய திட்டம் அது. 1989இல் கருணாநிதி முட்டையைச் சேர்த்தார். பிந்தைய ஆண்டுகளில் அது வாரம் ஐந்து முட்டையானது. எதிரெதிர்க் கட்சிகள் ஒன்றன் திட்டத்தை மற்றது மேம்படுத்திச் சென்றது தமிழக அரசியலில் அரிதான நல்ல பழக்கம்.

உரிமையான உணவும் அதன் குறைகளும்

மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று பிறப்பித்த இடைக்கால ஆணை, அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் கொண்ட சமைத்த உணவை ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள் வழங்கச் சொன்னது. தமிழ்நாடு ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை நாடு முழுவதற்கும் விதியாக்கியது எனலாம். 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை எட்டாம் வகுப்பு வரை சட்டப்படியான உரிமையாக்கியது. 2015ஆம் ஆண்டு விதிகளில் ஒரு சிறிய பிரிவு உண்டு: ஏதேனும் ஒரு நாள் உணவு தரப்படாவிட்டால், அதற்கீடான தானியமும் பணமும் அடுத்த மாதம் 15ஆம் நாளுக்குள் பிள்ளைக்குத் தரப்பட வேண்டும். நடைமுறையில் இது எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகிறது என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் பசித்த பிள்ளையைக் கடன் கொடுத்தவராகவும் அரசைக் கடனாளியாகவும் எழுதிய அந்த வரி, எந்த நன்கொடைப் பத்திரத்திலும் காணக்கிடைக்காதது.

பலன்களுக்கும் சான்று உண்டு. பள்ளியில் சாப்பிட்டால் வீட்டில் சோற்றைக் குறைத்துவிடுவார்கள் என்பது பழைய ஐயம். மத்தியப் பிரதேசத்தில் ஃபர்சானா அஃப்ரிதி நடத்திய ஆய்வு, பள்ளி உணவின் சத்தில் 49 முதல் 100 விழுக்காடு வரை பிள்ளையின் அன்றைய உணவில் கூடுதலாகவே சேர்ந்ததைக் கண்டது. 2021இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒரு தலைமுறை தாண்டிச் சென்றது. சிறுமியாக மதிய உணவு முழுமையாகக் கிடைத்த தாய்மாரின் குழந்தைகள், கிடைக்காத தாய்மாரின் குழந்தைகளைவிட வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருந்தனர். புகைப்படமும் கடிதமும் எதிர்பார்க்கும் புரவலருக்கு இப்படியொரு பலன் கண்ணில் படவே படாது. அது தெரிய இருபதாண்டுகள் ஆகும்.

குறைகளை மறைத்து இந்தத் திட்டத்தைப் போற்றுவது அதற்குச் செய்யும் துரோகம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சத்துணவுக் கூடத்துக் கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 பிள்ளைகளைக் கொன்றது. 2013இல் அதே ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில் பூச்சிமருந்து கலந்த மதிய உணவுக்கு 23 பிள்ளைகள் இரையாயினர். சோற்றுக்குப் பணம் ஒதுக்கி அடுக்களைக்கு ஒதுக்காமல் விட்ட அரசுகள் இந்தச் சாவுகளுக்குப் பொறுப்பு.

சாதியும் போகவில்லை. தலித் பெண் சமைத்ததைத் தம் பிள்ளைகள் உண்ணக்கூடாது என்று 2018இல் திருப்பூர் மாவட்டத்திலும், 2023இல் காலை உணவுக்கு எதிராகக் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களிலும் சிலர் நின்றனர். கரூரில் மாவட்ட ஆட்சியரும் தூத்துக்குடி மாவட்டத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் பள்ளிக்குச் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து சாப்பிட்டனர். சேரன்மாதேவியின் நோய் நூறாண்டு கழித்தும் தீரவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் வேலையைக் காக்க இப்போது சட்டம் இருக்கிறது. சமையலர் நியமனத்தில் பட்டியலினத்தவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்ற 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற ஆணையும் இருக்கிறது. தனியார் அறக்கட்டளை ஒன்று கூச்சலுக்கு அஞ்சிச் சமையலரை மாற்றிவிட்டால் கேட்பார் யார்?

சமையல் செய்யும் கையைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நடுவண் அரசின் திட்டத்தில் சமையலர் ஒருவருக்கான மாதத் தொகை 2009 முதல் 1,000 ரூபாயிலேயே நிற்கிறது, அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதம் மட்டும். தமிழ்நாடு கூடுதலாகத் தருகிறது. ஆனாலும் இங்குள்ள அமைப்பாளர்களும் சமையலர்களும் உதவியாளர்களும் காலமுறை ஊதியமும் ஓய்வூதியமும் கேட்டுத் தெருவில் அமர்வது ஆண்டுதோறும் காணும் காட்சி. புகையிலும் சூட்டிலும் நின்று, சந்தை விலைக்குப் பாதியிலும் குறைவாகத் தன் உழைப்பைத் தரும் அந்தப் பெண்தான் இந்நாட்டின் பள்ளி உணவுக்கு மிகப் பெரிய நன்கொடையாளர். அவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. உரிமை என்று பிள்ளைக்கு எழுதிவிட்டு, தருமமாக அவரிடம் வேலை வாங்குவது நியாயமே இல்லை.

அடுக்களை யாருடையது

அரசு உணவுக்குள்ளும் கொடை புகுந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டு பெங்களூரில் ஐந்து பள்ளிகளின் 1,500 பிள்ளைகளோடு தொடங்கிய அட்சய பாத்திரம், இன்று பல மாநிலங்களில் பெரும் இயந்திர அடுக்களைகளை நடத்துகிறது. அதன் சுத்தமும் நேரந்தவறாமையும் பாராட்டத்தக்கவை. எனினும் அரிசியும் சமையல் செலவின் பெரும்பகுதியும் அரசிடமிருந்தே வருகின்றன. கொடையாளர் பணம் பற்றாக்குறையை நிரப்புகிறது. ஆனால் பட்டியலை முடிவு செய்வதில் நடத்துநரின் சமய நம்பிக்கை முந்திக்கொள்கிறது. கர்நாடகத்தில் வெங்காயம், பூண்டு சேர்க்க அது மறுத்தது 2018–19இல் பெரும் சர்ச்சையானது. சத்தின் அளவு விதிக்குள் இருப்பதாகத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கருத்துச் சொன்னது. ஆனால் உணவுரிமை இயக்கத்தாரின் வாதம் கலோரியைப் பற்றியதன்று. வீட்டில் வெங்காயமும் முட்டையும் மீனும் தின்று வளரும் பிள்ளையின் நாவு ஏற்காத குழம்பு தட்டிலேயே மிஞ்சும். பெரும்பாலான பிள்ளைகளின் உணவுப் பழக்கத்தைச் சிலரின் விரதம் ஏன் ஆள வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. முட்டை விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் தரமான புரதம் மலிவாகக் கிடைக்கும் வழி முட்டை. அதைத் தர மறுக்கும் அடுக்களையிடம் பள்ளி உணவை ஒப்படைக்கக் கூடாது என்பது என் முடிவு.

அதே கர்நாடகம் நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டையும் தந்திருக்கிறது. 2024இல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை அம்மாநில அரசோடு ஒப்பந்தம் செய்து, மூன்றாண்டுகளுக்குச் சுமார் 1,500 கோடி ரூபாய் தர முன்வந்தது. அரசு வாரம் இரண்டு நாள் தந்த முட்டை ஆறு நாளானது. பிள்ளையைத் தேர்ந்தவர் யாருமில்லை. சமையல் பள்ளியிலேயே நடந்தது. முட்டை வராவிட்டால் கேட்க வேண்டிய இடம் அரசுதான். கொடையின் அளவும் பெரிது, அதன் அடக்கமும் பெரிது.

குஜராத்தில் தோன்றிய திதி போஜனம், பிறந்தநாள், திருமணநாள் போன்ற நாட்களில் ஊரார் பள்ளிக்கு விருந்தளிக்கும் வழக்கம். நடுவண் அரசின் பள்ளி உணவுத் திட்டமான பிரதமர் போஷண் 2021இல் அதை நாடெங்கும் ஊக்குவித்தது. அன்றாட உணவுக்கு மாற்றாக இல்லாமல் கூடுதலாக மட்டும் இருந்தால் அதில் குற்றம் காண ஏதுமில்லை. ஊருக்கும் பள்ளிக்கும் உறவு வளரும். விருந்து நாளில் அரசுச் சமையலை நிறுத்திச் செலவை மிச்சம் பிடித்தால், கொடையாளர் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை, கருவூலத்துக்குக் கொடுத்திருக்கிறார் என்றாகும்.

கொடைக்குரிய இடம்

ஈழத்தில் போர் முடிந்த 2009க்குப் பின் வன்னியிலும் கிழக்கிலும் புலம்பெயர்ந்த உறவுகள் செய்துவரும் கல்வி உதவி தனியே எழுதப்பட வேண்டிய பெருங்கதை. இலங்கை அரசு 1980 முதல் பாடநூலும் 1993 முதல் சீருடையும் இலவசமாகத் தருகிறது. ஆயினும் தகப்பனை இழந்த வீட்டில் பிள்ளையை உயர்தரம் வரை நிறுத்திவைத்தது பல இடங்களில் கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வந்த மாதாந்தப் பணம்தான். இறந்தவரின் ஆண்டு நினைவாகக் கற்றல் உபகரணங்கள் வழங்குவது அங்கே ஊர் வழக்கமாகிவிட்டது. பதாகையின் முன் வரிசையில் நின்று, கொப்பிகளைக் கையில் ஏந்திய பிள்ளைகளின் முகம் நாளிதழிலும் இணையத்திலும் வருகிறது. இழப்பின் துயரோடு கொடுப்பவர்களின் மனம் தூயது. என்றாலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் வறுமையின் படம் வகுப்புத் தோழரின் கைப்பேசியில் சுற்றுவதைச் சுமக்க வேண்டியதில்லை. படத்தை மட்டும் விட்டுவிட்டால் அந்தக் கொடையில் குறையே இராது.

தமிழ்நாட்டில் 2006இல் தொடங்கப்பட்ட அகரம் அறக்கட்டளை, 2010 முதல் விதைத் திட்டத்தின் வழி முதல் தலைமுறை மாணவரைக் கல்லூரிக்குக் கொண்டுசெல்கிறது. இது தேர்ந்தெடுக்கும் உதவிதான். ஆனால் வீட்டுக்கே சென்று நிலைமை அறிவது, வழிகாட்டியரை அமர்த்துவது, பழைய மாணவரையே அடுத்தவர்க்குத் துணையாக்குவது என்று அது செய்யும் வேலையை அரசு விதி எதுவும் எளிதில் செய்துவிடாது. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, விடுதியில் எப்படித் தங்குவது என்பதைச் சொல்ல வீட்டில் யாரும் இல்லாத பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் வேண்டும். அன்றாடத் தட்டு எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டியது. படிப்பின் தடை ஒவ்வொருவருக்கும் வேறு. முன்னது சட்டத்தின் வேலை. பின்னதில் தனிமனிதர் நுழைய இடம் உண்டு.

உணவிலும் சட்டம் தொடாத இடங்கள் இருக்கின்றன. சட்டப்படியான உரிமை பள்ளி விடுமுறை நாட்களை விலக்கியே எழுதப்பட்டது. 2004ஆம் ஆண்டு ஆணை வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் உணவு தரச் சொன்னது; மற்ற இடங்களில் மே மாதத்துப் பசிக்கு யாரும் பொறுப்பில்லை. மாநிலம் மாறிச் செங்கல் சூளைகளுக்கு வரும் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிப் பதிவேட்டிலேயே ஏறாததால் பந்திக்கும் வருவதில்லை. தமிழ்நாட்டுச் சத்துணவு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளின் 1.14 லட்சம் பிள்ளைகளோடு தொடங்கி, அடுத்த ஆண்டு திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்து, பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளையும் எட்டிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஏப்ரல் வரை பள்ளியில் பொங்கலும் கிச்சடியும் உண்ட பிள்ளை, ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போனதும் வெறும் வயிற்றோடு முதல் பாடவேளையில் உட்காருகிறது. நடுநிலைப் பள்ளியாக இருந்தால் அதே வளாகத்தில் தம்பி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே.

அரசுப் பள்ளிகளுக்கு உதவ விரும்புவோருக்காக 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ அமைப்பை அரசே உருவாக்கியிருக்கிறது. கட்டடம், கணினி, விளையாட்டுத் திடல் என்று அதற்கு வரும் பணத்தில் ஒரு பகுதியை, பின்தங்கிய சில ஒன்றியங்களில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை காலை உணவுக்கென ஒதுக்கலாம். அரிசியும் ரவையும் அரசு கொள்முதலில் வரட்டும். இப்போது சமைக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவே கூடுதல் ஊதியத்தோடு சமைக்கட்டும். எந்தப் பிள்ளைக்கு யார் பணம் என்பது கொடுப்பவருக்கும் தெரிய வேண்டாம், பிள்ளைக்கும் தெரிய வேண்டாம். மூன்றாண்டுகள் முடிந்ததும் அந்தச் செலவைத் தன் வரவுசெலவுத் திட்டத்தில் ஏற்பதாக அரசு தொடக்கத்திலேயே எழுத்தில் தர வேண்டும். அந்த உறுதி இல்லாமல் கொடையாளர் பணம் தரக் கூடாது.